வரைபடத்தில் 'டியூமுலஸ்' இருக்கிறது, வயலில் மேடு இல்லை: இங்கிலாந்துப் புதைமேடுகளை எப்படி உறுதி செய்வது?

வெண்சரிவு (கேள்வி)

பிரிட்டனின் நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 157ஆம் தாளை வைத்துக்கொண்டு ஏவ்பரி, மார்ல்பரோ பக்கத்துச் சுண்ணாம்பு மேட்டுநிலங்களில் இருக்கும் வரலாற்றுக்கு முந்தைய புதைமேடுகளைப் பட்டியலிடுகிறேன். வெஸ்ட் கென்னட் மாதிரி பெரியவற்றில் குழப்பமே இல்லை. 100 மீட்டர் நீளம், கிழக்கு முனையில் ஆளுயரக் கற்கள், உள்ளே ஐந்து அறைகள், யாரும் தவறவிட முடியாது. சிக்கல் சின்னவற்றில்தான்.

1. வரைபடத்தில் 'டியூமுலஸ்' (புதைமேடு) என்று போட்டிருக்கும் பல இடங்களில் உழுத வயல் மட்டுமே இருக்கிறது. சர்வேக்காரர்கள் தவறா, நான் பார்க்கும் விதம் தவறா?
2. வரைபடத்தில் பெயரே இல்லாத வட்டமான, நீளமான மேடுகள் சில உள்ளன. அவை புதைமேடா வேறு ஏதாவதா என்று தோண்டாமல் எப்படிச் சொல்வது?
3. விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரை உயரத்தை அளந்த இலவச லைடார் தரவு இதற்குப் போதுமா? இறக்கிப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் ஒரே வழவழப்பாகத் தெரிகிறது.

தோண்டும் எண்ணம் எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோதிக் எழுத்து (பதில்)

முதல் கேள்விக்கு மட்டும். சர்வேக்காரர்கள் பெரும்பாலும் சரி. அவர்கள் வரைபடத்தில் ரோமானியர் அல்லாத பழஞ்சின்னங்களுக்குப் பழைய கோதிக் எழுத்துருவைப் போடுவார்கள், ரோமானியச் சின்னங்களுக்கு வேறு எழுத்துரு. ஆகவே எழுத்தின் வடிவமே முதல் தகவல். சாதாரண எழுத்தில் 'மவுண்ட்' என்றிருந்தால் அது வெறும் இடப்பெயர்.

அடுத்து, அந்தப் பெயர்கள் ஒரே நாளில் எழுதப்பட்டவை அல்ல. 19ஆம் நூற்றாண்டில் நில அளவையாளர் பார்த்தபோது முழங்கால் உயரமோ ஆளுயரமோ நின்ற மேடு, இரண்டாம் உலகப்போரை ஒட்டியும் அதற்குப் பின்னும் மேய்ச்சல் நிலங்கள் கோதுமைக்கும் பார்லிக்கும் திருப்பப்பட்டபோது கரைந்துபோயிருக்கும். பெயர் மட்டும் தாளில் நிற்கிறது. ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் பழைய ஆறு அங்குல (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்) வரைபடங்களை இன்றைய வான்படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். அதில் மேட்டைச் சுற்றிக் குறுங்கோடுகள் வரைந்திருந்தால் அன்று அங்கே உண்மையான ஏற்றம் இருந்தது என்று பொருள்.

இன்னொரு சோதனை: அரசின் பாரம்பரிய அமைப்பான ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் அந்த இடத்தைத் தட்டுங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் ஏழிலக்கப் பட்டியல் எண்ணும், எல்லைக்கோடும், பல சமயம் 'இத்தனை மீட்டர் விட்டம், இத்தனை உயரம்' என்ற விவரிப்பும் கிடைக்கும். எல்லைக்கோடு மேட்டின் விளிம்போடு நிற்காது, மேட்டைத் தாங்கும் நிலத்துக்காக வழக்கமாக இரண்டு மீட்டர் கூடுதலாக விட்டிருப்பார்கள். பட்டியலில் இல்லை என்பதால் புதைமேடு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம். மாவட்ட அளவிலான வரலாற்றுச் சூழல் பதிவேடுகளில் பட்டியலுக்கு வராதவை ஏராளம், அவற்றில் பலவற்றை ஹெரிடேஜ் கேட்வே என்ற இணையதளம் வழியாகத் தேடலாம்.

அகழிக்காரர்

மேட்டை மேடாகப் பார்ப்பதை நிறுத்துங்கள், பாதிக் குழப்பம் தீரும். மேடு சரியும், பரவும், உழவில் தேயும், மேலே மரம் நடுவார்கள், நடுவில் குழி போடுவார்கள். அகழி மட்டும் கல்லில் வெட்டியது. அது தூர்ந்துபோகலாம், காணாமல் போகாது.

எவ்வளவு தேயும் என்பதற்கு ஒரு கணக்கு. 20 மீட்டர் விட்டம், 2 மீட்டர் உயரம் உள்ள கவிழ்த்த கிண்ண வடிவ மேட்டின் கன அளவு ஏறக்குறைய 318 கன மீட்டர். அதே மண்ணை ஏர் இழுத்து இழுத்து 40 செ.மீ. உயரத்துக்குப் பரப்பிவிட்டால் விட்டம் 45 மீட்டராகிவிடும். அதாவது விளிம்பிலிருந்து நடுவுக்கு 22 மீட்டர் நடந்தால் 40 செ.மீ.தான் ஏறுவீர்கள். கண்ணுக்கு அது சமதளம். உங்கள் 'காணாமல் போன' டியூமுலஸ்கள் பல இந்த நிலையில்தான் இருக்கும், நீங்கள் அவற்றின் மேலேயே நின்றிருக்கக்கூடும்.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்லும். அந்த 20 மீட்டர் மேட்டைச் சுற்றி மேல்வாயில் 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், அடி குறுகிய அகழி என்றால் குறுக்குவெட்டு சுமார் 1.3 சதுர மீட்டர். சுற்று 69 மீட்டர். வெளிவந்த கல் 90 கன மீட்டர், உதிர்ந்து பருத்தாலும் 110ஐ எட்டாது. மீதி 210 கன மீட்டர் எங்கிருந்து? சுற்றுப்புறப் புல்தரையிலிருந்து. 15 செ.மீ. தடிமனுக்குப் பெயர்த்தால் 1,400 சதுர மீட்டர் மேய்ச்சல் நிலத்தை மொட்டையடித்தாக வேண்டும். இது வெறும் ஊகம் அல்ல: ஸ்டோன்ஹெஞ்சுக்குக் கிழக்கே கிங் பாரோ முகட்டில் மேடுகளின் மேல் நின்ற பீச் மரங்களை 1987, 1990 புயல்கள் சாய்த்தபோது, வேரோடு பிளந்த குழிகளில் அடுக்கடுக்காக வைத்த புல்கட்டிகள் தெரிந்தன. உள்ளே புல்கட்டி, மேலே அகழியிலிருந்து வந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல் போர்வை என்பது தென் இங்கிலாந்தின் வெசெக்ஸ் பகுதி மேடுகளில் அடிக்கடி காணும் அமைப்பு. ஆகவே பரந்த மேட்டுக்கு ஒல்லியான அகழி இருந்தால் சந்தேகப்படாதீர்கள்.

அகழி எவ்வளவு வேகமாகத் தூர்கிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் தாளிலேயே இருக்கும் ஓவர்ட்டன் டவுனில் 1960ல் ஒரு கரையும் அகழியும் சோதனைக்காகக் கட்டி, 2, 4, 8, 16, 32 ஆண்டுகள் என்று இரட்டித்த இடைவெளிகளில் குறுக்கே வெட்டிப் பார்த்தார்கள். முதல் சில குளிர்காலங்களிலேயே உறைபனி சுவர்களை உடைத்து அடியை நிரப்பிவிடுகிறது. பிறகு புல் பிடித்ததும் வேகம் அடங்கிவிடுகிறது. நாலாயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு மீட்டர் அகழி தரையில் 20, 30 செ.மீ. தாழ்வாக மட்டுமே தெரிந்தால் அது இயல்பு. நேற்று வெட்டியது போல விளிம்பு கூராக, ஆழமாக இருந்தால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வடிவம் பார்க்கும்போது அகழிக்கும் மேட்டுக்கும் உள்ள உறவைக் கவனியுங்கள் (பாரோ என்றால் புதைமேடு):

பௌல் பாரோ: மேடு நேராக அகழியில் இறங்கும், சிலவற்றுக்கு அகழியே இராது. இங்கிலாந்தில் எஞ்சியவை மட்டும் பத்தாயிரத்துக்கு மேல் பதிவாகியுள்ளன, எனவே சந்தேகமான வட்ட மேடு பாரோதான் என்று உறுதியானால் பெரும்பாலும் இதுவே.
பெல் பாரோ: மேட்டுக்கும் அகழிக்கும் நடுவே சில மீட்டர் அகலத் தட்டையான திட்டு.
டிஸ்க் பாரோ: நடுவில் சின்ன மேடு ஒன்றோ இரண்டோ மூன்றோ, சுற்றிலும் அகன்ற சமதளம், அப்புறம் அகழி, அதற்கும் வெளியே கரை. அகழி உள்ளே, கரை வெளியே. இந்த வரிசை முக்கியம்.
சாஸர், பாண்ட் இரண்டும் அரிது. சாஸர் என்பது அகழிவரை படர்ந்த தாழ்ந்த மேடு, வெளிக்கரை உண்டு. பாண்ட் என்பது மேடே இல்லாத ஆழமற்ற வட்டப் பள்ளம், விளிம்பில் கரை. மாடுகளுக்கு வெட்டிய குளங்கள் இதைப் போலவே இருக்கும், தனியாக ஒன்றைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

எல்லா வகையையும் ஒரே இடத்தில் பார்த்துக் கண்ணைப் பழக்க வேண்டுமென்றால் ஸ்டோன்ஹெஞ்சுக்கு மேற்கே வின்டர்போர்ன் ஸ்டோக் கூட்டம். தென்மேற்கு முனையில் ஒரு நீள மேடு. அதன் அச்சை நீட்டியதுபோல் அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இளைய வட்ட மேடுகள் வரிசை கட்டி நிற்கும்.

நிழல்வரை

லைடார் பற்றி. போதும், தாராளமாகப் போதும். வழவழப்பாகத் தெரிவதற்குக் காரணம் தரவு அல்ல, காட்டும் முறை.

சுற்றுச்சூழல் முகமையின் ஒரு மீட்டர் தரவில் இரண்டு வகை உண்டு. டிஎஸ்எம் என்பது மரம், கூரை எல்லாம் சேர்ந்த மேற்பரப்பு. டிடிஎம் என்பது அவற்றை வடிகட்டிய வெறுந்தரை. உங்களுக்கு டிடிஎம். க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்து, ஆயத்தொலை முறை பிரிட்டிஷ் நேஷனல் கிரிட்தானா (27700) என்று பாருங்கள். இல்லாவிட்டால் பிறகு எடுக்கும் அளவெல்லாம் கோணலாகும்.

அப்படியே திறந்தால் நிறம் முழுவதும் பள்ளத்தாக்குக்கும் முகட்டுக்கும் செலவாகிவிடும். 100 மீட்டர் உயர வேறுபாட்டை 256 சாம்பல் படிகளில் காட்டும்போது ஒரு படிக்கு 40 செ.மீ. தேய்ந்த மேடு முழுவதும் ஒரே படிக்குள் மறைந்துபோகும். தீர்வு இரண்டு.

முதலாவது, நிழல் படம். இயல்பான அமைப்பில் ஒளி வடமேற்கிலிருந்து 45 பாகையில் விழும், தாழ்ந்த மேடுகளுக்கு அது மிக உயரம். 15 முதல் 20 பாகைக்கு இறக்குங்கள், செங்குத்து மிகைப்படுத்தலை 3 அல்லது 4 ஆக்குங்கள். ஒரே திசையோடு நிறுத்தாமல் குறைந்தது நான்கு திசைகளில் போடுங்கள். ஒளிக்கு இணையாக ஓடும் அகழி நிழல் விழாமல் தப்பிவிடும், நீள மேடுகளின் பக்க அகழிகளை இப்படித்தான் தவறவிடுவார்கள்.

இரண்டாவது, என் கணிப்பில் இதுவே மேல்: உள்ளூர் ஏற்றத்தாழ்வுப் படம். டிடிஎம்மை 25, 30 மீட்டர் ஆரத்தில் சராசரி எடுத்து மங்கலாக்குங்கள், அதை அசலிலிருந்து கழியுங்கள். மலைச்சரிவு போய்விடும், மேடும் பள்ளமும் மட்டும் மிஞ்சும். நிற வீச்சை மைனஸ் 0.5 முதல் பிளஸ் 0.5 மீட்டருக்குள் இழுத்துவிட்டால், உழுத வயலில் வெளிறிய வட்டமும் அதைச் சுற்றிய கருவளையமும் தானாக எழுந்து வரும். ஆரத்தை மேட்டின் அகலத்தைவிடச் சிறியதாக வைத்தால் மேடும் சேர்ந்து அழிந்துபோய் வெறும் விளிம்பு வளையம் மிஞ்சும், அதை அகழி என்று நம்பிவிடாதீர்கள். பெரிய மேட்டைச் சுற்றிப் பொய்யான பள்ள வளையம் காட்டுவதும் இந்த முறையின் குணம். ஆகவே எந்த வளையத்தையும் அசல் டிடிஎம்மில் குறுக்குக்கோடு போட்டுச் சரிபார்க்க வேண்டும். ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு கோடுகள், மேட்டின் விளிம்பைத் தாண்டி 30 மீட்டர் வரை.

ஏமாற்றும் இடங்கள்: வயலோரத்தில் கொட்டிய எருக்குவியலும் வைக்கோல் போரும் டிடிஎம்மில் தரையாகவே பதிவாகியிருக்கும், வேறு ஆண்டு வான்படத்தோடு ஒப்பிட்டால் மாட்டிக்கொள்ளும். அடர்ந்த காட்டில் தரையைத் தொட்ட கதிர்கள் குறைவு, முக்கோணத் தகடுகளாகத் தெரியும் இடத்தில் அளவு எடுக்காதீர்கள். தரவின் உயரத் துல்லியம் 15 செ.மீ. அளவில்தான் உத்தரவாதம். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கிடையே உள்ள வேறுபாடு அதைவிட நன்றாக இருக்கும், ஆனால் 10 செ.மீ. ஏற்றத்தை வைத்துக் கோட்டை கட்ட வேண்டாம்.

மேடுபள்ளம்

அகழிக்காரர் சொன்னதில் ஒரு திருத்தம். அகழியே சாட்சி என்பது சரி, ஆனால் வட்ட அகழி எல்லாம் பாரோ ஆகாது. வறண்ட ஜூன், ஜூலையில் பார்லி வயலில் பச்சை வளையம் தெரிந்ததும் 'வெண்கலக்காலம்' என்று எழுதிவிடுகிறார்கள். 2018 கோடையில் இப்படி எத்தனை வளையங்கள்!

அகழியில் தேங்கிய மண் ஈரம் பிடிக்கும், அங்கே பயிர் பசுமையாகவும் உயரமாகவும் நிற்கும். அவ்வளவுதான் அந்த வளையம் சொல்லும் செய்தி. 12 மீட்டருக்குக் குறைந்த விட்டம், ஒரு பக்கம் வாசல்போல் இடைவெளி என்றால் வட்ட வீட்டின் கூரைநீர் ஓடைக்கும் வாய்ப்பு உண்டு. வைக்கோல் போரைச் சுற்றி வெட்டிய வடிகால், போர்க்காலத் தேடுவிளக்குத் தளம், நிலத்தடிப் பூஞ்சை போடும் வளையம், மாட்டுத் தீவனத் தொட்டியைச் சுற்றி மிதிபட்ட தடம், இவை எல்லாம் வளையம்தான். கிழக்கு யார்க்ஷயரில் இன்னொரு திருப்பம்: அங்கே இரும்புக்காலப் புதைமேடுகளின் அகழி சதுரம். வட்டத்தை மட்டும் தேடினால் கல்லறைத் தோட்டமே நழுவிவிடும்.

காலத்தையும் வடிவத்தை வைத்து அடித்துச் சொல்லாதீர்கள். நீளம் என்றால் புதிய கற்காலத் தொடக்கம், வட்டம் என்றால் வெண்கலக்காலம் என்பது பத்தில் ஒன்பதுக்கு வேலை செய்யும் விதி. ஆனால் யார்க்ஷயர் வோல்ட்ஸின் டக்கிள்பி ஹவ் வட்டமானது, புதிய கற்காலத்தது. பார்ட்லோ ஹில்ஸ் செங்குத்தான வட்ட மேடுகள், ரோமானியக் காலம். சட்டன் ஹூ ஆங்கிலோ-சாக்சன். ஏவ்பரி பக்கத்துச் சில்பரி 30 மீட்டர் உயர வட்ட மேடு, 1776லும் 1849லும் 1968-70லும் துளைத்தார்கள், புதைப்பு எதுவும் கிடைக்கவில்லை. அந்தச் சுரங்கங்களின் விளைவாக 2000ல் உச்சியில் குழி விழுந்து, 2007-08ல் உள்ளே சுண்ணாம்புக் கல் நிரப்ப வேண்டியதாயிற்று. மார்ல்பரோ மேட்டை நெடுங்காலம் நார்மன் கோட்டை மேடு என்றே எண்ணினார்கள். துளையிட்டு எடுத்த கரித்துண்டுகளின் கார்பன் காலக்கணிப்பு 2011ல் அதைச் சில்பரியின் காலத்துக்கே, அதாவது புதிய கற்காலத்தின் இறுதிக்கே கொண்டுபோனது.

இரண்டு சின்னங்கள் ஒன்றையொன்று வெட்டுமிடத்தில் மட்டும் தோண்டாமலே முன்பின் சொல்லலாம். டார்செட்டின் ஓக்லி டவுனில் ஆக்லிங் டைக் என்ற ரோமானியச் சாலை ஒரு டிஸ்க் பாரோவின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு போகிறது. சாலை பிந்தியது. இதில் வாதமே இல்லை.

வெண்சரிவு

எல்லோருக்கும் நன்றி. நிழல்வரை சொன்னபடி கழித்துப் பார்த்தேன், 'இல்லாத' டியூமுலஸ்களில் இரண்டு வட்டமாக எழுந்துவிட்டன. பெயரில்லாதவற்றில் மூன்றின் அளவு இதோ:

அ) வட்டம், 22 மீட்டர், உயரம் 1.2 மீட்டர், முகட்டின் உச்சியில். சுற்றிலும் அகழி. மேட்டின் நடுவில் கூட்டல் குறி போலப் பள்ளம், ஒவ்வொரு கையும் 7 மீட்டர் அளவு.
ஆ) நீளம் 31 மீட்டர், அகலம் 8, உயரம் 0.7. மேல் தட்டை, இரு முனையும் ஒரே அகலம். நாலு பக்கமும் சின்ன அகழி. சரிவில் இறங்கும் திசையில் கிடக்கிறது. பேட்ஜர் (வளை தோண்டி வாழும் காட்டு விலங்கு) வளை ஒன்று உண்டு, வெளியே தள்ளிய மண்ணில் எலும்புத் துண்டு ஒன்று கிடந்தது. எடுக்கவில்லை.
இ) வட்டக் கரையும் அகழியும், மொத்தம் 48 மீட்டர். உள்ளே சமதளம், பழைய பீச் மரங்கள்.

அ-வில் உள்ள கூட்டல் குறி பழைய தொல்பொருள் ஆர்வலர்கள் வெட்டியதா?

அகழிக்காரர்

அ: பழைய காலத்து ஆட்கள் அப்படிப் பெரும்பாலும் வெட்டவில்லை. 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வில்லியம் கன்னிங்டனும் ரிச்சர்ட் கோல்ட் ஹோரும் வில்ட்ஷயரில் நூற்றுக்கணக்கான மேடுகளைத் திறந்தார்கள். கூலியாட்களை வைத்து உச்சியிலிருந்து நேராகக் குழி இறக்குவதே வழக்கம். 1808ல் புஷ் பாரோவின் தங்கத் தகடு அந்த வேகத்தில்தான் கிடைத்தது, விளிம்பில் இருந்த பிற்காலப் புதைப்புகள் பலவும் அந்த வேகத்தில்தான் தப்பின. அவர்கள் விட்டுச்செல்லும் தடம் உச்சியில் கிண்ணக்குழி, அல்லது ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரே ஒரு பள்ளம், பக்கத்தில் கொட்டிய மண்ணின் புடைப்பு. ஒரே நீளத்தில் நாலு கைகள் என்றால் காற்றாலை. ஒற்றைத் தூணில் சுழலும் மர ஆலையின் அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு உத்தரங்கள் கிடக்கும், அவை மக்கிய பள்ளம்தான் கூட்டல் குறி. இடமும் பொருந்துகிறது: ஆலைக்கு உச்சி வேண்டும். புதைமேடுகள் பல உச்சியிலிருந்து சற்றே இறங்கி, கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் வானக்கோட்டில் தெரியும் இடத்தில் இருக்கும்.

ஆனால் முடித்துவிட வேண்டாம். இருக்கிற பாரோவின் மேலேயே ஆலையை ஏற்றிவைத்த இடங்கள் உண்டு, உயரம் இலவசமாகக் கிடைக்கிறதே. 'காற்றாலை மேடு, பழைய பாரோவாகவும் இருக்கலாம்' என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய வரைபடத்திலோ வயல் பெயரிலோ 'மில்' வருகிறதா பாருங்கள்.

ஆ: முயல் வளர்க்கக் கட்டிய தலையணை மேடு. உங்கள் அளவுகளே சொல்லிவிட்டன. நீளப் புதைமேடு பெரும்பாலும் ஒரு முனை அகன்று உயர்ந்து, மறுமுனை ஒடுங்கித் தாழ்ந்திருக்கும். அகன்ற முனை பெரும்பாலும் கிழக்குப் பக்கம். அகழி இரு நெடும்பக்கத்திலும் ஓடும், முனைகளில் அநேகமாக விட்டுவிடும். 31 மீட்டருக்கு 8 மீட்டர், சீரான அகலம், தட்டை மேல், நாலு பக்க அகழி, சரிவோடு இறங்கும் கிடப்பு: தண்ணீர் வடிய வேண்டும் என்று நினைத்துக் கட்டியவர்கள் முயல் பண்ணைக்காரர்கள். இடைக்காலம் முதல் 19ஆம் நூற்றாண்டு வரை எப்போது வேண்டுமானாலும் இருக்கலாம். அருகில் இதே மாதிரி இன்னும் இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கூட்டமாகவே இருக்கும்.

இ-யை மேடுபள்ளம் பார்க்கட்டும்.

மேடுபள்ளம்

இ-யில் இரண்டே கேள்வி. கரை வெளியே, அகழி உள்ளேயா? நடுவில் சின்ன மேடு உண்டா? இரண்டுக்கும் ஆம் என்றால் டிஸ்க் பாரோ, கொண்டாடலாம். அந்த வகை நாடு முழுக்க 250 அளவில்தான் தெரியவந்துள்ளது. அகழி வெளியே, கரை உள்ளே, நடுவில் வெறும் வேர்க்குழிகள் என்றால் 18ஆம், 19ஆம் நூற்றாண்டில் பண்ணைப் பிரபுக்கள் அழகுக்கு நட்ட மரத்தோப்பின் வேலி, ஆடுமாடு கடிக்காமல் இருக்க வெட்டியது. பீச் மரம் அதையே சுட்டுகிறது, ஆனால் அதுவே நிரூபணம் ஆகாது, பாரோவைத் தேர்ந்தெடுத்து மரம் நட்டவர்களும் நிறைய.

டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போங்கள். புல் குட்டை, வெயில் சாய்வு, இலை இல்லை. கரைமேல் ஏறி நிற்காமல் 50 மீட்டர் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, கண்ணைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். 30 செ.மீ. நடுமேடு மேலிருந்து தெரியாது, அந்த உயரத்திலிருந்து தெரியும். உறைபனிக் காலையில் அகழித் தாழ்வில் வெண்மை சற்று நேரம் கூடுதலாகத் தங்கும்.

கோதிக் எழுத்து

எலும்பைப் பற்றி யாரும் பேசவில்லை. எடுக்காமல் விட்டது மிகச் சரி. முயல் பண்ணை மேடு என்பதால் முயல், ஆட்டு எலும்பாகவே இருக்க வாய்ப்பு அதிகம். அளவுகோலோடு படமெடுங்கள், இடத்தைப் பத்து இலக்கக் கட்ட எண்ணில் குறியுங்கள், அப்படியே விட்டுவிடுங்கள். மனித எலும்பு என்று சந்தேகம் வந்தால் முதலில் காவல்துறை. பழையது என்று அவர்கள் விட்டுவிட்டால் பிறகு தொல்லியல் அலுவலர். பேட்ஜர் வளையைக் கிளறவோ அடைக்கவோ கூடாது, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். பாரோவுக்குள் பேட்ஜர் புகுந்தால் தொல்லியல் துறையே உரிமம் வாங்கித்தான் வெளியேற்ற முடியும். அதற்குள் ஒரு குடும்பம் பல கன மீட்டர் மண்ணை வெளியே தள்ளியிருக்கும், அடுக்குகள் போனது போனதுதான். உழவைவிட இது மோசம் என்பது என் கருத்து. உழவு மேலிருந்து தேய்க்கிறது, பேட்ஜர் நேராக நடுவுக்குப் போகிறது.

சட்டம் சுருக்கமாக: பாதுகாக்கப்பட்ட சின்னத்தின் எல்லைக்குள் எழுத்து மூல அனுமதி இல்லாமல் உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதே 1979ஆம் ஆண்டுத் தொல்சின்னச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் குற்றம், தோண்டினால்தான் என்றில்லை. நிலத்துக்காரர் சரி என்றாலும் அது போதாது. எல்லைக்கு வெளியே கிடைத்த பொருள் புதையல் வரையறைக்குள் வருமென்று தெரிந்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். கென்ட்டின் ரிங்கிள்மியரில் 2001ல் கிடைத்த நசுங்கிய தங்கக் கோப்பை முறைப்படி தெரிவிக்கப்பட்டதால்தான், உழவில் தேய்ந்த அந்த மேட்டில் அகழாய்வு நடந்தது, கோப்பை பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போனது.

வெண்சரிவு

இ-யின் குறுக்குக்கோடு போட்டுவிட்டேன். கரை உள்ளே, அகழி வெளியே. நடுவில் மேடு இல்லை. தோப்பு வேலிதான். ஒரு கேள்வி மிச்சம்: அந்த இரண்டு தேய்ந்த டியூமுலஸ்களும் அ-வும் பதிவேட்டில் இல்லையென்றால் யாரிடம், என்ன வடிவில் கொடுப்பது? 'மேடு பார்த்தேன்' என்று எழுதினால் மதிப்பார்களா?

நிழல்வரை

வில்ட்ஷயருக்குத் தனிப் பதிவேடு உண்டு, மாவட்ட மன்றத்தின் தொல்லியல் பிரிவுக்கு மின்னஞ்சல் போதும். அனுப்புவதற்கு முன் ஹிஸ்டாரிக் இங்கிலாந்தின் வான்படத் தொல்லியல் வரைபடத்தில் அந்த இடம் ஏற்கெனவே வரையப்பட்டிருக்கிறதா பாருங்கள். தேய்ந்த இரண்டும் பெரும்பாலும் அங்கே 'வட்ட அகழி' என்று இருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் போதும்: மையத்தின் பத்து இலக்கக் கட்ட எண், அகழியின் வெளிவிட்டம் (மேட்டின் விட்டம் வேண்டாம், அது உழவின் கணக்கு), இன்றைய உயரம், இரண்டு குறுக்குவெட்டுகள், கழித்த படம் ஒன்று, பார்த்த தேதி, அன்று நிலம் புல்லா பயிரா உழவா. லைடார் எந்த ஆண்டு பறந்ததோ அதையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் பின்னால் யாராவது உயரத்தை ஒப்பிட்டுத் தேய்மானத்தைக் கணக்கிட முடியாது. விளக்கத்தையும் அளவையும் கலக்காதீர்கள். மேலே அளவு, கீழே தனியாக 'காற்றாலை மேடாக இருக்கலாம், காரணம் இன்னது'. உங்கள் விளக்கம் தவறிப்போனாலும் அளவு அவர்களுக்கு உதவும். நிலம் தனியாருடையது என்றால் உரிமையாளர் பெயரைப் பொதுவெளியில் போடாதீர்கள், பொதுப்பாதையிலிருந்து பார்த்ததா அனுமதியோடு உள்ளே போனதா என்பதை மட்டும் குறிப்பிடுங்கள்.